வால் இல்லாத செய்தி

“என்னை ஏன் இவங்க நம்ப மாட்டேங்கறாங்க?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

எப்சிபா வாயிலிருந்த புளிசாதத்தை மென்று முடித்தாள்.

“யாரு தாத்தா?”

“தாத்தா இல்லை. தோழர்.”

“சரி. யாரு நம்பல, தோழர் தாத்தா?”

அவள் கம்பெனி பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஷூ கம்பெனியின் இரண்டாம் கேட். மதியச் சங்கு ஊதி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த சங்குக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

ஏகாம்பரம் நின்றுகொண்டே பேசினார். எழுபத்தொரு வயது. மூன்று முறை சிறை. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஒரு காலத்தில் அவர் பெயரைக் கேட்டால் மேஸ்திரிகள் குரலைத் தாழ்த்துவார்கள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கை. எழுதியதும் துண்டறிக்கை.

அப்படிப்பட்டவர் இருபத்துநாலு வயதுப் பெண்ணிடம் வந்து நிற்கிறார். அப்படி நிற்பது அவருக்கே பிடிக்கவில்லை.

“நேத்து விடியக்காலை ஆறு மணிக்கு இங்க வந்து நின்னேன். ஆயிரம் நோட்டீஸ். ஒவ்வொரு கையிலயும் நானே கொடுத்தேன். தையல் மெஷினை எல்லாம் வேற மாநிலத்துக்குக் கொண்டுபோறான், உங்க வேலை போகப்போகுதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தேன். ஒருத்தி நிக்கலை. ஒரே ஒருத்தி ‘அப்படியா’ன்னா. மடிச்சு டிபன் பாக்ஸுக்கு அடியில வெச்சுக்கிட்டா.”

“எண்ணெய் ஒழுகும்,” என்றாள் எப்சிபா.

“மதியம் அதே செய்தியை உன் ஃபோன் சொல்லுது. நாலாயிரம் பொம்பளைங்க பின்கேட்டுக்கு ஓடி லாரியை மறிச்சாங்க. செய்தி ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“என் நோட்டீஸ்ல இருந்து எடுத்ததுதானே?”

“அதுலேருந்துதான்.”

“அப்ப நான் சொன்னா பொய், ஃபோன் சொன்னா நிஜமா? ஒரு தலைமுறையே ஃபோனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அதுல எவன் எதைப் போட்டாலும் நம்புது.”

எப்சிபா கையைக் கழுவினாள். துப்பட்டாவில் துடைத்தாள்.

“நோட்டீஸ் இருக்கா?”

ஜோல்னாப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அவசரப்படவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு காதோரம் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். தோலில் அளவு குறிக்கிற வெள்ளி மைப் பேனா. நோட்டீஸில் அங்கங்கே வட்டம் போட்டாள்.

“பிழை இருக்காதும்மா,” என்றார் ஏகாம்பரம். “நாப்பத்துநாலு வருஷம் நானே புரூஃப் பார்த்தவன்.”

அவள் கடைசி வரியில் பேனாவை நிறுத்தினாள். அங்கே ‘இவண்: அனைத்துத் தொழிலாளர்கள்’ என்று இருந்தது.

“இதை நாங்க எப்ப எழுதினோம்?”

அவர் பதில் சொல்வதற்குள் சங்கு ஊதியது. அவள் நோட்டீஸை அவர் கையில் வைத்தாள்.

“வால் இல்லை, தாத்தா. அதான்.”

கேட்டுக்குள் போய்விட்டாள்.

*

வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

‘இயந்திரங்கள் கடத்தப்படுகின்றன.’ கடைசிச் சொல்லில் ஒரு வட்டம்.

‘நிர்வாகம் சதி செய்கிறது.’ செய்கிறதில் ஒரு வட்டம்.

‘அதிகாரிகள் விலை போனார்கள்.’ போனார்களில் ஒரு வட்டம்.

பதினேழு வாக்கியம். பதினேழு வட்டம். எல்லாம் வாக்கியத்தின் கடைசியில். ஒற்று சரி. சந்தி சரி. ஒரு துணைக்கால் விடுபடவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை.

வால் இல்லையாம். யாருக்கு வால்? இந்த வயதில் எனக்கா?

நோட்டீஸை மடித்து ஜோல்னாப் பையில் வைத்தார்.

*

மறுநாள் மதியம் எப்சிபாவைக் காணோம். பஸ்ஸுக்குள் முப்பது பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் வேறொருத்தி.

“வாங்க தலைவரே. குரு கேன்டீனுக்குப் போயிருக்கு. நான் ஹசீனா. சிஷ்யை. உட்காருங்க.”

“நிக்கறேன்.”

“நில்லுங்க. உங்க கால்.”

அப்போது பஸ்ஸுக்குள் நாலைந்து ஃபோன்கள் ஒன்றாகச் சிணுங்கின. இரண்டாம் கேட் என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் எப்சிபா நடத்துகிற பக்கம். ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். ஆட்களிடமிருந்து வருவதை அவள் அதில் போடுகிறாள்.

உள்ளேயிருந்து ஒருத்தி சத்தமாகப் படித்தாள். “மூணாம் லைனுக்கு நாளைக்கு லீவாம்.”

“லீவு-ஆ, லீவாம்-ஆ?” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

“லீவாம்.”

“வாலோட இருக்கா. அப்ப சாப்பிடு.”

யாரும் அசையவில்லை. மூன்றாம் லைன்காரி மட்டும் ஃபோனில் ஏதோ தட்டினாள். ஊறுகாய் கைமாறியது.

ஏகாம்பரம் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

“என்னம்மா அது வால்?”

“ஆம்,” என்றாள் ஹசீனா.

“என்ன ஆம்?”

“அதான் தலைவரே, ஆம்தான் வால். வந்துச்சு, வந்துச்சாம். போனான், போனானாம். கண்ணால பார்த்தவ சொன்னா வந்துச்சு. காதால கேட்டவ சொன்னா வந்துச்சாம். குரு ரெண்டையும் கலக்க விடாது. நாங்க எதையும் வாலைப் பார்த்துட்டுத்தான் தலையைப் படிப்போம்.”

“வால் இருந்தா?”

“உட்கார்ந்திருப்போம். யாருக்குத் தெரியும்னு கேட்போம். மூணு பேர், மூணு இடத்துலேருந்து, நான் பார்த்தேன்னு சொல்லணும். சொன்னா குரு வாலை நறுக்கிடும்.”

“நறுக்கிட்டா?”

“எழுந்திரிப்போம்.”

நேற்று முன்தினம் நடந்ததை அவள் ஃபோனில் காட்டினாள். பத்து மணிக்கு எப்சிபா போட்டது: ‘மெஷின் போகுதாம். ஏகாம்பரம் தாத்தா நோட்டீஸ்ல இருக்கு. பின்கேட் பக்கம் இருக்கிறவங்க பார்த்துச் சொல்லுங்க.’

கீழே வரிசையாகப் பதில்கள். பின்கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா: ‘லாரி நிக்குது. நான் பார்த்தேன்.’ ஒரு பஸ் டிரைவர்: ‘பிளாஸ்டிக் சுத்தின மெஷின், எட்டு எண்ணினேன்.’ பேக்கிங் பெண் ஒருத்தி படமே எடுத்து அனுப்பியிருந்தாள்.

பன்னிரண்டு பத்துக்கு எப்சிபா மறுபடியும் போட்டிருந்தாள்.

‘மெஷின் போகுது.’

அவ்வளவுதான். இரண்டே சொல். கொட்டை எழுத்து இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. சதி இல்லை, துரோகம் இல்லை.

அதற்குத்தான் நாலாயிரம் பேர் எழுந்திருக்கிறார்கள்.

ஏகாம்பரம் அந்த இரண்டு சொல்லையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் நோட்டீஸ் கையில் விழுந்தால் பாதி படிக்கும்போதே ஆட்கள் ஓடத் தொடங்குவார்கள். அதை அவர் எத்தனையோ மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“யாரு சொல்லிக் குடுப்பா? மூணு வருஷத்துக்கு முன்னாடி குரு ஒரு தடவை வாலில்லாம போட்டுடுச்சு. ‘லாஸ்டிங் செக்‌ஷன்ல மயங்கி விழுந்த பொண்ணு செத்துட்டாங்க’ன்னு. யாரோ சொன்னதைக் கேட்டு. அந்தப் பொண்ணோட அம்மா ஆறு மைல் வெறுங்காலோட ஓடி வந்தாங்க. கேட்டுக்கிட்ட வந்து விழுந்ததுல இடுப்பு உடைஞ்சுது. இன்னும் சரியா நடக்கலை.”

“அந்தப் பொண்ணு?”

“பெஞ்சுல உட்கார்ந்து இளநீர் குடிச்சுக்கிட்டிருந்தேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“செத்தவ நான்தான் தலைவரே,” என்றாள் ஹசீனா. “அன்னைக்கு எங்கம்மா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே குருவை ஓங்கி ஒரு அறை விட்டாங்க. அது கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் பார்க்கலைம்மா, கேட்டேன்’னு அழுதுச்சு. அதையே அப்படியே பக்கத்துலயும் எழுதிப் போட்டுச்சு. இன்னும் முதல்ல அதுதான் இருக்கு, பாருங்க.”

விரலால் தள்ளிக் காட்டினாள். பக்கத்தின் உச்சியில், மூன்று வருடமாக எடுக்கப்படாமல்: ‘ஹசீனா செத்துட்டாங்கன்னு போட்டேன். நான் பார்க்கலை. கேட்டேன். எப்சிபா.’

ஏகாம்பரம் அந்த வரியை இரண்டு முறை படித்தார். நாற்பத்துநாலு வருடத்தில் தான் போட்ட எத்தனை நோட்டீஸ். ஒன்றிலாவது இப்படி ஒரு வரி உண்டா?

எப்சிபா கேன்டீனிலிருந்து வந்தாள்.

“புரிஞ்சுதா தாத்தா?”

இந்த முறை அவர் தோழர் என்று திருத்தவில்லை.

“எனக்கும் கத்துக் குடும்மா,” என்றார்.

“உங்களுக்கா? நீங்க எங்கம்மா காலத்துலயே ஸ்ட்ரைக் நடத்தினவரு.”

“அதனாலதான் கேக்கறேன்.”

எப்சிபா காதோரப் பேனாவைச் சரியாகச் செருகிக்கொண்டாள்.

“ஒரு செய்தி கொண்டுவாங்க,” என்றாள்.

*

வியாழக்கிழமை செய்தியோடு வந்தார்.

நடையிலேயே தெரிந்தது. செய்தி கிடைத்தால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும்.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கேட் கூட்டம். லேபர் ஆபீசர்கிட்ட பேச மூணு பேரைத் தேர்ந்தெடுக்கப் போறீங்க. சரிதானே?”

“சரிதான்.”

“குணசுந்தரி நிக்கறா.”

குணசுந்தரி கட்டிங் செக்‌ஷன். சட்டம் தெரிந்தவள், தாள் படிக்கத் தெரிந்தவள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஏகாம்பரத்தின் சங்க வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவள். இப்போது அவர் வகுப்புக்கும் வருவதில்லை, நோட்டீஸும் கொடுப்பதில்லை. ‘காலம் மாறிடுச்சு தோழர்’ என்று ஒருநாள் சொன்னாள். அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை.

“அவ கம்பெனிக்காரன்கிட்ட போயிட்டா. திங்கக்கிழமை மேனேஜர் ரூம்ல உட்கார்ந்து, மெஷின் எடுத்துக்கிட்டுப் போக சம்மதம்னு கையெழுத்துப் போட்டா.”

எப்சிபாவின் கை நின்றது.

“யாரு பார்த்தா?”

“கம்பெனி ஜீப் டிரைவர். ஜன்னல் வழியா பார்த்தானாம்.”

அவள் சிரித்தாள். கேலி இல்லை. ஒரு குழந்தை முதல் எழுத்தைச் சரியாகப் போட்டால் சிரிப்போமே, அப்படி.

“வாய் ஒழுங்காத்தான் சொல்லுது தாத்தா. பார்த்தானாம். பேனாவுலதான் அது விழுந்துடுது.”

அவருக்குச் சுருக்கென்றது.

“விளையாடாதே. நாளைக்கு நாலு மணிக்குள்ள இது எல்லாருக்கும் தெரியணும். குணசுந்தரி கையெழுத்துப் போட்டா. இதை அப்படியே போடு.”

“போட்டாங்களாம்னு?”

“வால் வெச்சா யாரு நம்புவா?”

“வால் இல்லேன்னா யாரு விசாரிப்பா?”

பஸ்ஸுக்குள் பேச்சு நின்றிருந்தது. குணசுந்தரியின் பெயர் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் கெட்டால் லேபர் ஆபீசர் மேசையில் இவர்களுக்காகத் தாள் படிக்க ஆள் இல்லை. அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருத்திக்கும் அது தெரியும்.

எப்சிபா ஃபோனை நீட்டினாள்.

“நான் போடலை. நீங்க போடுங்க. உங்க பேரைப் போட்டு.”

அவர் ஃபோனை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

குணசுந்தரி கையெழுத்துப் போட்

அதற்கு மேல் அவர் தட்டவில்லை. எழுத்துகளுக்கு மேலே ஃபோன் தானாக ஒரு சொல்லை நீட்டியிருந்தது.

‘போட்டாங்களாம்.’

அவர் அதை அழித்தார். மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே சொல்.

“என்னம்மா இது?”

“அதுவா. நாம எழுதறதைப் பார்த்து அதுவும் கத்துக்கும் தாத்தா. மூணு வருஷமா இதையே எழுதறேன். இப்ப அதுக்கும் வால் இல்லாம எழுத வரலை.”

ஏகாம்பரம் அந்தச் சின்னச் சொல்லையே பார்த்தார்.

ஃபோன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஊர் ஊராகப் பேசியிருக்கிறார். பிள்ளைகள் ஃபோனைத் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

“நம்ம பக்கத்துக்குன்னு ஒரு முறை இருக்கு,” என்றாள் எப்சிபா. “ஆள் பேர் வந்தா, முதல்ல அந்த ஆள்கிட்ட கேக்கணும். அதுக்கப்புறம்தான் வாலோட கூடப் போடலாம்.”

“நான் போய் அவகிட்ட கேக்கறதா?”

“செய்தி உங்களோடது.”

*

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. கட்டிங் செக்‌ஷன் பெண்கள் வெளியே வந்தார்கள். குணசுந்தரி கடைசியாக வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

“தோழர். ரொம்ப நாளாச்சு.”

வழியெல்லாம் அவர் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். துரோகம் என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது. வாயைத் திறந்தபோது வந்தது ஒரே ஒரு கேள்வி.

“கையெழுத்துப் போட்டியாமே?”

“போட்டேன்,” என்றாள் குணசுந்தரி.

அவருக்குள் பழைய ஆள் ஒருவன் எழுந்து நின்றான். பார்த்தாயா, பார்த்தாயா என்றான்.

அவள் பைக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்தாள். நாலாக மடித்த நகல்.

“லாரியை மறிச்சப்புறம், மெஷினை எடுக்கறோம்னு நோட்டீஸ் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து. மேல என்ன எழுதியிருக்கேன்னு படிங்க.”

அவளுடைய குண்டு எழுத்து. ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்.’ அதற்குக் கீழே கையெழுத்து. தேதி. மணிகூட எழுதியிருந்தாள்.

“அவன் குடுக்கற தாளை வாங்காம ஓடாதே. வாங்காட்டி, நோட்டீஸ் குடுத்தாச்சு, இவங்கதான் வாங்கலைன்னுவான். வாங்கு. மேல இந்த ஒரு வரியை எழுது. கீழ கையெழுத்துப் போடு.” அவள் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். “இதை வெச்சுத்தான் லேபர் ஆபீசர்கிட்ட பேசவே போறோம். மறந்துட்டீங்களா? எங்களுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“யாரு தோழர் சொன்னா உங்களுக்கு?”

“ஒருத்தன் பார்த்தானாம்.”

“பொய் சொல்லலை அவன்,” என்றாள் குணசுந்தரி. “கையெழுத்துப் போட்டதைத்தான் பார்த்திருப்பான். என்ன எழுதினேன்னு ஜன்னல்லேருந்து தெரியாது.” கிளம்பப் போனவள் திரும்பினாள். “நேர்ல வந்து கேட்டீங்களே தோழர். முன்னெல்லாம் நீங்க கேக்க மாட்டீங்க.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர் அங்கேயே நின்றார். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

*

முன்னெல்லாம் என்றால் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால்.

தோல் ஷாப்பில் வேலைநிறுத்தம். ஐம்பத்தோராம் நாள். உடன் வேலை செய்த இருசப்பன் என்பவன் முதலாளி வீட்டுப் பின்வாசலில் நின்றதாக ஒருத்தன் வந்து சொன்னான். அவனும் பார்க்கவில்லை, அவனுக்கு வேறொருத்தன் சொல்லியிருந்தான். ஏகாம்பரம் அச்சகத்துக்குப் போனார். எழுதிக் கொடுத்தார்.

அச்சுக் கோக்கிறவர் எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “விலை போனானாம்னு கோக்கட்டுமா, தலைவரே? வரியில இடம் இருக்கு.”

“ஆம் போட்டா கூர் மழுங்கிடும். எடுத்துடு,” என்றார் ஏகாம்பரம்.

இரண்டே எழுத்து. அச்சுக் கோக்கிறவர் அதை விரலால் எடுத்துப் பெட்டியில் போட்ட சத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

‘இருசப்பன் விலை போனான். இவண்: அனைத்துத் தொழிலாளர்கள்.’

குழாயடியில் அவன் மனைவியின் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். மளிகைக் கடையில் சாமான் இல்லை என்றார்கள். ஆறு மாதத்தில் ஒரு லாரியில் சட்டி பானை ஏறியது. பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

அவன் விலை போனானா இல்லையா? ஏகாம்பரத்துக்கு இன்றுவரை தெரியாது.

இருசப்பன் வீடு அவர் வீட்டிலிருந்து நாலாவது வீடு.

*

வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூட்டம் நடந்தது. குணசுந்தரி பெயரைச் சொன்னதும் கேட் முழுக்கக் கை தூக்கினார்கள். ஓரத்தில் நின்ற ஏகாம்பரமும் தூக்கினார். அவருக்கு அங்கே ஓட்டு இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினார்கள். முப்பது பெண்களும் களைத்துப்போய் சீட்டில் சாய்ந்திருந்தார்கள். எப்சிபா படியில் இருந்தாள்.

“ஒரு செய்தி இருக்கு,” என்றார் ஏகாம்பரம்.

“ஆள் பேர் வருதா?”

“வருது.”

“அந்த ஆள்கிட்ட கேட்டீங்களா?”

“கேக்கலை. முப்பத்தெட்டு வருஷமா கேக்கலை. இப்ப எங்க இருக்கான்னு தெரியாது.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை.

“அப்ப அவரைப் பத்தி எதுவும் போட முடியாது தாத்தா,” என்றாள். “உங்களைப் பத்திப் போடலாம். அதை நீங்க பார்த்திருக்கீங்க.”

ஃபோனை நீட்டினாள்.

அவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். டிரைவர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார். எப்சிபா கையைக் காட்ட, அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

‘தோல் ஷாப்பு இருசப்பன் விலை போனான் என்று நோட்டீஸ் எழுதி

ஃபோன் ஒரு சொல்லை நீட்டியது. ‘எழுதினேனாம்.’

அவர் அதைத் தொடவில்லை. எழுத்து எழுத்தாகத் தானே தட்டினார்.

எழுதினேன். பார்க்கலை. கேக்கவும் இல்லை. இருசப்பன் இருக்கிற இடம் தெரிந்தவர் சொல்லவும்.’

வழக்கம்போல் ‘இவண்’ என்று தட்டினார். விரல் நின்றது. அதை அழித்தார்.

‘ஏகாம்பரம்.’

அனுப்பினார்.

பஸ்ஸுக்குள் ஃபோன்கள் சிணுங்கின. முன்சீட்டிலிருந்த ஹசீனா எடுத்துப் பார்த்தாள். வழக்கம்போல் கடைசியிலிருந்து பார்த்தாள். பிறகு முதலிலிருந்து படித்தாள்.

“என்னடி?” என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “வால் இருக்கா?”

ஹசீனா படியில் உட்கார்ந்திருந்தவரின் நரைத்த பின்தலையைப் பார்த்தாள்.

“இல்லை,” என்றாள்.

முப்பது பெண்களும் எழுந்து நின்றார்கள்.